சிறுநீரக நோயாளிகளில் பொட்டாசிய மிகையும் இதயத் துடிப்புக் கோளாறும்

குருதியில் பொட்டாசியத்தின் அளவு இயல்பை மீறி உயரும் நிலை பொட்டாசிய மிகை எனப்படும். மருத்துவர்கள் இதனை ஹைப்பர்கலீமியா என்பர். நலமான ஒருவரின் குருதியில் லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை பொட்டாசியம் இருக்கும். அது 5.5ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும், 6.5ஐத் தாண்டினால் அவசர சிகிச்சை தேவை. சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் இந்நிலை அடிக்கடி ஏற்படுகிறது. இதனால் முதலில் பாதிக்கப்படும் உறுப்பு இதயம். காய்ச்சல், வலி, வீக்கம் என்று எந்த முன்னறிவிப்பும் இல்லாமலே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், மிகவும் மெதுவாகலாம், அடியோடு நின்றும் போகலாம். சிலருக்கு முதல் அறிகுறியே மயங்கி விழுவதுதான்.

இக்கோளாறு உலகெங்கும் உள்ளதுதான். எனினும் திருவண்ணாமலை போன்ற ஒரு கோயில் நகரத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் இதன் காரணங்கள் எளிதில் விளங்கும். பௌர்ணமி தோறும் பெருந்திரளானோர் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை, பலரும் வெறுங்காலுடன், சுற்றி வருகின்றனர். சிலர் அன்று உண்ணா நோன்பு இருப்பர். சிலர் பாலும் பழமும் மட்டும் கொள்வர். வழியெங்கும் இளநீர்க் கடைகள். நடந்து முடித்தவர் கால்வலிக்கு மருந்துக்கடையில் ஒரு மாத்திரை கேட்டு வாங்குவார். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இவற்றில் எதனாலும் பெரிய கேடு வந்துவிடாது. சிறுநீரகம் பழுதானவருக்கோ இவை ஒவ்வொன்றும் பொட்டாசியத்தை ஏற்றும் வழிகள்.

உடலில் பொட்டாசியம்

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 3,500 மில்லிமோல் பொட்டாசியம் உள்ளது. அதில் 98 விழுக்காடு உயிரணுக்களுக்குள், பெரும்பாலும் தசைகளில், அடைபட்டிருக்கிறது. குருதியிலும் பிற புறநீர்மங்களிலும் இருப்பது 2 விழுக்காடு, அதாவது 60 முதல் 70 மில்லிமோல் மட்டுமே. ஒருவர் ஒரு நாளில் உணவின் மூலம் உட்கொள்ளும் பொட்டாசியமும் கிட்டத்தட்ட இதே அளவுதான். ஆகவே ஒரு நாள் உணவிலுள்ள பொட்டாசியம் முழுவதும் குருதிப் பக்கமே தங்கிவிட்டால் அதன் அளவு இரட்டிப்பாகி உயிர் போய்விடும்.

அப்படி நேராமல் இரண்டு காவல்கள் தடுக்கின்றன. சாப்பிட்டவுடன் சுரக்கும் இன்சுலின், பொட்டாசியத்தைச் சில நிமிடங்களிலேயே தசைக்குள் தள்ளிவிடுகிறது. இது தற்காலிக ஏற்பாடு. அதன்பின் வரும் மணிநேரங்களில் சிறுநீரகம் அதைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. வெளியேற வேண்டியதில் ஏறக்குறைய 90 விழுக்காடு சிறுநீர் வழியாகவும், எஞ்சியது மலத்தின் வழியாகவும் போகிறது. சிறுநீரகம் நலிவடையும்போது பெருங்குடல் தன் பங்கைச் சற்றுக் கூட்டிக் கொள்கிறது. சிறுநீரக நோயாளிக்கு மலச்சிக்கல் வந்தால் பொட்டாசியமும் ஏறுவதற்குக் காரணம் இதுவே.

நீரிழிவு நோயாளிகளிடம் இவ்விரு காவல்களும் ஒரே சமயத்தில் பழுதாகின்றன. இன்சுலின் குறைகிறது, சிறுநீரகமும் கெடுகிறது. போதாக்குறைக்குப் பொட்டாசியத்தை வெளியேற்றத் தூண்டும் ஆல்டோஸ்டிரோன் என்ற இயக்குநீரும் அவர்களில் பலருக்குக் குறைந்து போகிறது.

இதயத்தில் நடப்பது

இதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவும் ஒரு சிறு மின்கலம் போன்றது. உள்ளே பொட்டாசியம் மிகுதி, வெளியே குறைவு. இந்த வேறுபாட்டால் ஓய்வு நிலையில் உயிரணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கிறது. வெளியே பொட்டாசியம் ஏறினால் வேறுபாடு குறைகிறது, மின்கலம் தளர்கிறது. தொடக்கத்தில் உயிரணு சிறு தூண்டலுக்கும் துள்ளும். பொட்டாசியம் மேலும் ஏறினால், மின்னலையைத் தொடங்கி வைக்கும் சோடியம் வாயில்கள் செயலற்றுப் போகின்றன. அப்போது மின்னலை ஒரு தசைநாரிலிருந்து அடுத்ததற்குச் செல்லத் தயங்குகிறது.

இதய அறுவை மருத்துவர்கள் இதே பண்பைப் பயன்படுத்துகின்றனர். இதயத்தை அசையாமல் நிறுத்தி அறுவை செய்வதற்குப் பொட்டாசியக் கரைசலைச் செலுத்தும் முறையை 1955இல் இங்கிலாந்தின் மெல்ரோஸ் குழுவினர் வெளியிட்டனர். அறுவை அரங்கில் அளவறிந்து செய்யப்படும் ஒன்று, சிறுநீரக நோயாளியின் உடலில் கேட்பாரற்று நடந்துவிடுகிறது.

ஈ.சி.ஜி. படத்தில் இம்மாற்றங்களை ஓரளவு படிப்படியாகக் காணலாம். முதலில் டி அலை உயர்ந்து, அடி குறுகி, கூடாரம் போலக் கூர்மையாகிறது. பிறகு மேலறைகளின் செயலைக் காட்டும் பி அலை தட்டையாகி மறைகிறது. மேலறைத் தசைகள் பொட்டாசியத்துக்கு எளிதில் பணிந்துவிடுவதே காரணம். அடுத்து, கீழறைகளின் செயலைக் காட்டும் க்யூ.ஆர்.எஸ். பகுதி அகல்கிறது. அகன்ற அப்பகுதியும் டி அலையும் ஒன்றோடொன்று கலந்து, மேலும் கீழுமாக வளையும் ஒற்றைக் கோடாக மாறினால் இதயம் நிற்பதற்குச் சில நிமிடங்களே இருக்கக்கூடும். சிலருக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 30, 40 என்று இறங்கிவிடுகிறது. வேறு சிலரின் படம் மாரடைப்பைப் போலவே தோன்றி மருத்துவரையும் ஏமாற்றும்.

பாடநூல்கள் இப்படிகளை இந்த அளவுக்கு இந்த மாற்றம் என்று அட்டவணையிட்டுக் காட்டுவதுண்டு. மாணவர்கள் அதை அப்படியே நம்பக் கூடாது. 7 மில்லிமோலுக்கு மேல் இருந்தும் படம் இயல்பாக உள்ளவர்கள் உண்டு. 6இலேயே துடிப்பு சீர்குலைந்தவர்களும் உண்டு. எவ்வளவு வேகமாக ஏறியது, குருதியில் அமிலம் மிகுந்துள்ளதா, கால்சியம் குறைந்துள்ளதா என்பவையும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன. படத்தில் மாற்றம் இருந்தால் ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். மாற்றம் இல்லை என்பதற்காக நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது.

எதிர்மாறான பிழையும் உண்டு. கையை இறுகக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொல்லிக் குருதி எடுத்தாலும், எடுத்த குருதியை நெடுநேரம் கழித்து ஆய்வு செய்தாலும், செல்கள் உடைந்து பொட்டாசியம் குழாய்க்குள்ளேயே கசியும். உடலில் இல்லாத மிகை அறிக்கையில் தோன்றும். கிராமத்தில் எடுத்த குருதி மாதிரி பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ நகரத்து ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும் இடங்களில் இதை மறக்கலாகாது.

இரு டயாலிசிஸ்களுக்கு இடைப்பட்ட நாட்கள்

முற்றிலும் செயலிழந்த சிறுநீரகத்துக்கு மாற்றாக இயந்திரத்தின் மூலம் குருதியைச் சுத்திகரிப்பது டயாலிசிஸ். நான்கு மணிநேரச் சிகிச்சை ஒன்றில் ஏறத்தாழ 70 முதல் 100 மில்லிமோல் பொட்டாசியம் நீங்குகிறது. சிகிச்சை முடிந்து எழுந்த நிமிடத்திலிருந்து அளவு மீண்டும் ஏறத் தொடங்கும்.

வாரம் மூன்று முறை என்பது பொதுவான முறை. திங்கள், புதன், வெள்ளி என்று வருபவருக்கு வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையே நீண்ட இடைவெளி விழுகிறது. அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகளைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வு ஒன்று இந்த நீண்ட இடைவெளிக்கு மறுநாளைத் தனியே எடுத்துக் கணக்கிட்டது. அந்நாளில் இறப்பு விகிதம் 100 பேருக்கு ஆண்டொன்றுக்கு 22.1 என்ற கணக்கிலும், மற்ற நாட்களில் 18.0 என்ற கணக்கிலும் இருந்தது. அந்த வேறுபாடு முழுவதற்கும் பொட்டாசியம் மட்டுமே காரணம் அன்று. உடலில் சேரும் நீரும் இதயத்தை அழுத்துகிறது. 2018இல் வெளியான மற்றோர் ஆய்வில் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் 66 டயாலிசிஸ் நோயாளிகளின் தோலுக்கடியில் இதயத் துடிப்பைப் பதியும் சிறு கருவி பொருத்தப்பட்டது. ஆறு மாதங்கள் பதிவு செய்ததில், ஆபத்தான துடிப்புக் கோளாறுகளில் மிகப் பெரும்பான்மை மிகை வேகத் துடிப்புகள் அல்ல, மிகவும் மெதுவான துடிப்புகளே என்று தெரியவந்தது. அவை டயாலிசிஸுக்கு முந்தைய கடைசி மணிநேரங்களில் கூடியிருந்தன.

இந்தியாவில் பலர் வாரம் இரண்டு முறைதான் டயாலிசிஸ் செய்துகொள்கின்றனர். இடைவெளி மூன்று, நான்கு நாட்களாக நீள்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் சிகிச்சைக் கட்டணம் பெருமளவு நீங்கியிருக்கிறது. ஆனாலும் நோயாளியும் துணைக்கு வருபவரும் இழக்கும் கூலி, பேருந்துச் செலவு, ஒரு நாள் முழுவதும் போகும் அலைச்சல் ஆகியவை அப்படியே இருக்கின்றன. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ மலையிறங்கி வர வேண்டியவர் ஒரு முறை வராமல் விட்டுவிடுவது அவரது அசட்டை அன்று. கார்த்திகை தீபத்தன்று நகருக்குள் வண்டிகள் நுழைவதே கடினம். அத்தகைய நாளில் டயாலிசிஸ் முறை உள்ளவர்களுக்கு மையங்கள் முன்கூட்டியே நாள் மாற்றித் தருவது நல்லது.

பொட்டாசியத்தை மிக வேகமாக இறக்குவதும் தவறு. டயாலிசிஸ் நீர்மத்தில் பொட்டாசியத்தை மிகவும் குறைத்து வைத்தால் குருதியில் அது சடாரெனச் சரிந்து, வேறு வகைத் துடிப்புக் கோளாறு எழலாம். நீண்ட இடைவெளியில் நிறைய ஏறிவிட்டவருக்கு ஏற்றத்திலும் ஆபத்து, இறக்கத்திலும் ஆபத்து.

இளநீரும் நோன்பும்

நூறு மில்லிலிட்டர் இளநீரில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது. காயின் வகையையும் முற்றலையும் பொறுத்து இது மாறும். 300 மில்லிலிட்டர் தரும் ஒரு காயில் சுமார் 750 மில்லிகிராம், அதாவது 19 மில்லிமோல் இருக்கும். 60 கிலோ எடையுள்ளவரின் புறநீர்மம் ஏறத்தாழ 12 லிட்டர். அந்த 19 மில்லிமோலும் உயிரணுவுக்குள் போகாமல் வெளியிலேயே நின்றால் குருதிப் பொட்டாசியம் 1.5 வரை கூடும். இன்சுலின் ஒரு பகுதியை உள்ளே தள்ளிவிடுவதால் உண்மையில் அவ்வளவு ஏறாது. ஆனால் ஏற்கெனவே 5.8இல் இருப்பவருக்கு அதில் பாதி ஏறினாலே போதும்.

நலமான சிறுநீரகம் உள்ளவரும் எல்லை மீறினால் தப்ப முடியாது. அமெரிக்காவில் 42 வயதான ஒருவர் வெயிலில் நாள் முழுவதும் டென்னிஸ் ஆடிவிட்டு எட்டுப் புட்டி இளநீர் குடித்து மயங்கி விழுந்தார். பொட்டாசியம் அபாய அளவுக்கு ஏறி அவரது இதயத் துடிப்பு குலைந்திருந்தது. இந்நிகழ்வு 2014இல் மருத்துவ இதழில் பதிவானது. உடலுழைப்பில் தசைகளிலிருந்து பொட்டாசியம் வெளிவருகிறது, வியர்வையில் நீர் வற்றிச் சிறுநீரகம் தளர்கிறது, அந்த நேரத்தில் இளநீர் உள்ளே போகிறது. பகல் வெயிலில் கிரிவலம் வரும் சிறுநீரக நோயாளிக்கும் இதே மூன்றும் கூடுகின்றன.

நோன்பைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒரு செய்தி உண்டு. சாப்பிடாவிட்டால் பொட்டாசியம் உள்ளே வராது, ஆகவே இறங்கும் என்று தோன்றும். டயாலிசிஸ் நோயாளிகளிடம் இதற்கு மாறாக நடக்கிறது. உணவு இல்லையென்றால் இன்சுலின் சுரப்பு தாழ்கிறது. தசைக்குள் அடைபட்டிருந்த பொட்டாசியம் மெல்ல வெளியே கசிந்து குருதியில் ஏறுகிறது. வெளியேற்றச் சிறுநீரகமும் இல்லை. இதற்குமேல் பால், வாழைப்பழம், பேரீச்சை, உலர்திராட்சை என்று நோன்பை முடித்தால் அது பொட்டாசியத்தால் முடித்த நோன்பாகிவிடும். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் நோன்பிருக்க விரும்பினால் முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டுக் கொள்வது முறை. முழுப் பட்டினியைவிட அளவான அரிசி உணவே அவர்களுக்கு நல்லது.

வீட்டுச் சமையலில் கீரை, தக்காளி, உருளைக்கிழங்கு, சேனை, முருங்கைக்கீரை, பருப்பு ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டினால் கணிசமான பங்கு போய்விடும். சத்து போகிறதே என்று வடித்த நீரில் ரசம் வைத்தால் செய்தது வீண். சுரைக்காய், புடலங்காய் போன்றவற்றை அளவாகக் கொள்ளலாம். பழம் வேண்டுமெனில் ஆப்பிளிலும் அன்னாசியிலும் வாழையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவே பொட்டாசியம் உள்ளது. வட மாவட்டங்களின் ஆடி மாதக் கேழ்வரகுக் கூழில், அதே எடை அரிசிக் கஞ்சியைவிடப் பன்மடங்கு பொட்டாசியம் இருக்கிறது. வெல்லமும் கருப்பட்டியும் வெள்ளைச் சர்க்கரையைவிட நல்லவை என்ற பொதுக் கருத்து இவர்களிடம் செல்லாது.

சிறுநீரகம் என்றாலே கல் என்று எண்ணி வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொல்லும் அக்கம்பக்கத்தாரின் அறிவுரையும் இங்கே ஆபத்தானது. அதைவிட நயமாக ஏமாற்றுவது, சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படும் பொட்டலம். அதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொன்ன மருத்துவரின் பேச்சைக் கேட்டு, நோயாளி இதை வாங்கிவிடுகிறார். உலக சுகாதார அமைப்பு 2025 ஜனவரியில் இத்தகைய மாற்று உப்புகளைப் பரிந்துரைத்தபோது, சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களை அப்பரிந்துரையிலிருந்து வெளிப்படையாகவே விலக்கியது.

மருந்துகள்

இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கவே கொடுக்கப்படும் எனலாப்ரில், டெல்மிசார்ட்டன், ஸ்பைரனோலாக்டோன் ஆகியவை பொட்டாசியத்தையும் ஏற்றுகின்றன. ஸ்பைரனோலாக்டோன் இதயச் செயலிழப்பில் உயிர் காப்பதாக 1999இல் ஓர் ஆய்வு நிறுவியது. உடனே கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் அதன் பயன்பாடு பாய்ந்தேறியது. அங்குள்ள இதயச் செயலிழப்பு நோயாளிகளிடையே பொட்டாசிய மிகைக்காக மருத்துவமனையில் சேர்வது 1994இல் ஆயிரத்துக்கு 2.4 ஆக இருந்து, 2001இல் 11.0 ஆக உயர்ந்தது. மருந்து தவறில்லை. ஆய்வில் இருந்த அளவுக்குக் குருதிச் சோதனை வெளியே நடக்கவில்லை. இம்மருந்துகளை நோயாளி தானே நிறுத்துவதும் கூடாது. தொடங்கிய ஓரிரு வாரங்களிலும் அளவு கூட்டும்போதும் பொட்டாசியத்தைச் சோதிப்பதே வழி.

சீட்டு இல்லாமல் கிடைக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் மீதமிருக்கும் சிறுநீரகச் செயலையும் குறைத்துவிடும். சிறுநீர்த் தொற்றுக்குத் தரப்படும் டிரைமெத்தோபிரிம் கலந்த மாத்திரையும் பொட்டாசியத்தைத் தடுத்து நிறுத்தும். வயிற்றுப்போக்குக்கான உப்புச் சர்க்கரைக் கரைசலிலும் லிட்டருக்கு 20 மில்லிமோல் பொட்டாசியம் உண்டு என்பதை நடைபயணிகளுக்கு அதை வழங்குவோர் அறிந்திருக்க வேண்டும்.

அறிகுறிகளும் அவசர சிகிச்சையும்

கால்கள் பலமிழந்து எழ முடியாமை, உடல் மரத்துப்போதல், நெஞ்சுப் படபடப்பு, மிக மெதுவான நாடித்துடிப்பு, தலைசுற்றல் ஆகியவை தோன்றலாம். பெரும்பாலும் எதுவும் தோன்றாது. 14 கிலோமீட்டர் நடந்தவருக்குக் கால் ஓய்ந்து போவது இயல்பு என்று எல்லோரும் நினைப்பதால், தோன்றும் ஒரே அறிகுறியும் மறைந்துவிடுகிறது. டயாலிசிஸ் நோயாளி ஒருவர் கால் எழவில்லை என்றால் அதைக் களைப்பு என்று விடாமல் நாடியைப் பார்த்து, 108க்கு அழைத்து, ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். எடுக்கச் சில நிமிடங்களே ஆகும். அழைக்கும்போதே டயாலிசிஸ் நோயாளி என்று சொல்லிவிடுவது நேரத்தை மிச்சமாக்கும்.

சிகிச்சையில் முதலில் தரப்படுவது கால்சியம் குளுகோனேட். 10 விழுக்காட்டுக் கரைசல் 10 மில்லிலிட்டர் சிரை வழியாக மெதுவாகச் செலுத்தப்படும். படம் சீராகாவிட்டால் மீண்டும் தரப்படும். இது பொட்டாசியத்தைச் சிறிதும் குறைப்பதில்லை. இதயத் தசையை அதன் தாக்கத்திலிருந்து காப்பாற்றுகிறது, அவ்வளவே. ஓரிரு நிமிடங்களில் படம் சீராவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கால்சியமும் பொட்டாசியமும் இதயத்தின்மீது எதிரெதிராகச் செயல்படுவதை 1880களில் லண்டனில் தவளை இதயத்தை வைத்துக் கண்டறிந்தவர் சிட்னி ரிங்கர். இன்றும் மருத்துவமனைகளில் ஏற்றப்படும் ரிங்கர் லாக்டேட் நீர்மத்தின் பெயர் அவருடையதே.

கால்சியத்தின் காப்பு அரை மணி முதல் ஒரு மணி நேரமே நிற்கும். அதற்குள் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். 10 அலகு இன்சுலினும் 25 கிராம் குளுக்கோஸும் சேர்த்துச் சிரை வழியாகத் தரப்படுகின்றன. பல மணிநேரம் கழித்தும் சர்க்கரை தாழக்கூடும் என்பதால் கண்காணிப்பு அவசியம். ஆஸ்துமாவுக்குத் தரும் சால்புட்டமாலை அதைவிடக் கூடுதலான அளவில், 10 முதல் 20 மில்லிகிராம் வரை, புகைமருந்தாகக் கொடுப்பர். இவை யாவும் சிறிய மருத்துவமனையிலும் இருப்பவைதாம். ஆகவே முதலுதவி தந்து இதயத்தை நிலைநிறுத்திய பின் நோயாளியை நகர்த்துவது சரி. எதுவும் தராமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் வழியிலேயே துடிப்பு நிற்கலாம். செங்கத்திலிருந்தோ போளூரிலிருந்தோ வரும் வண்டிக்கு இது மிகவும் பொருந்தும்.

உடலிலிருந்து பொட்டாசியத்தை உண்மையில் வெளியேற்றுவது டயாலிசிஸ்தான். சிறுநீர் இன்னும் பிரிபவருக்கு ஃபுரோசிமைடு உதவும். குடலில் பொட்டாசியத்தைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறும் பொடிகளும் உள்ளன. கால்சியம் பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் இந்தியாவில் நெடுநாளாகப் புழக்கத்தில் இருப்பது. பட்டிரோமர் 2015இலும், சோடியம் சிர்க்கோனியம் சைக்ளோசிலிகேட் 2018இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. நீண்ட இடைவெளி நாட்களில் மட்டும் இவற்றைக் கொடுப்பதும் உண்டு.

இடைவெளியே இல்லாத சிகிச்சை ஒன்றும் இருக்கிறது. வயிற்றறைக்குள் நீர்மத்தை நிரப்பி வடிக்கும் வயிற்று வழி டயாலிசிஸை நோயாளி வீட்டிலேயே, நாள்தோறும் மூன்று நான்கு முறை செய்துகொள்கிறார். பொட்டாசியம் அன்றன்றைக்கே நீங்குவதால் ஏற்ற இறக்கம் மிகவும் குறைவு; சிலருக்கு அது தாழ்ந்துபோய், வாழைப்பழம் சாப்பிடுங்கள் என்று மருத்துவர் சொல்ல நேர்வதும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், இதற்கான நீர்மப் பைகள் நோயாளியின் வீட்டுக்கே கொண்டு வந்து தரப்படுகின்றன. கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும், பைகளை அடுக்க ஓர் உலர்ந்த மூலையை ஒதுக்கவும் முடிந்த வீடாக இருந்தால் மலை ஊரிலும் இதைச் செய்யலாம்.